செத்துப்போன எஸ்எஸ்டியை வாரண்டிக்கு அனுப்பும் முன்

பழைய லேப்டாப்பைத் தேற்ற எல்லோரும் வாங்கிப் போடுவது 240 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி, அதாவது ஃபிளாஷ் சிப்புகளில் சேமிக்கும் டிரைவ். மூன்று, நான்கு வருடம் ஒரு தொந்தரவும் தராது. பிறகு ஒருநாள் காலையில் விண்டோஸ் ஏறாது. பயாஸுக்குள் போய்ப் பார்த்தால் டிரைவின் பெயரே மாறி ‘சாட்டாஃபர்ம் எஸ்11’ என்று நிற்கும். ஃபிசான் நிறுவனத்தின் எஸ்11 கன்ட்ரோலர் (டிரைவை இயக்கும் சிப்) உள்ள டிரைவ்கள் பல இப்படித்தான் போகின்றன. முந்தின நாள் வரை ஹெல்த் 97 சதவீதம் காட்டியிருக்கும். அந்த எண் சொல்வது ஃபிளாஷ் செல்கள் எவ்வளவு தேய்ந்தன என்பதை மட்டும்தான். கன்ட்ரோலரும் அதில் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரும் எப்போது படுக்கும் என்று அதற்குத் தெரியாது. சர்வர் நிறுவனமான ஹெச்பிஇ தன் சில சர்வர் எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று 2019 நவம்பரில் எச்சரித்தது. அங்கேயும் காரணம் ஃபர்ம்வேர் பிழை, தேய்மானம் அல்ல.

எந்த டேட்டா எந்தச் செல்லில் கிடக்கிறது என்ற கணக்கை கன்ட்ரோலர் ஒரு மேப்பிங் டேபிளில் வைத்திருக்கும். கரண்ட் படக்கென்று போகும் நேரத்தில் அது பாதி எழுதியபடி நின்றால், தன்னிடம் இருப்பதை டிரைவாலேயே தேட முடியாமல் போகலாம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இது சகஜம்.

பெயர் மாறாமல் டிரைவ் வெறுமனே காணாமல் போயிருந்தால் ஒன்று செய்து பார்க்கலாம். டேட்டா கேபிளைக் கழற்றிவிட்டு பவர் மட்டும் 20 நிமிடம் கொடுங்கள், 30 விநாடி துண்டியுங்கள், இன்னொரு முறை அதையே செய்யுங்கள். டேபிளைத் தானே சரிசெய்துகொள்ள சில டிரைவ்களுக்கு இந்த அவகாசம் போதும். எழுந்துவிட்டால் அதிலிருந்தே பூட் செய்யாதீர்கள், விண்டோஸின் பிழை திருத்தும் செக்டிஸ்க்கும் ஓட்டாதீர்கள். வேறு கணினியில் நேரடி சாட்டா போர்ட்டில் மாட்டி, லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு டூல் கொண்டு முழு இமேஜ் (டிரைவின் அப்படியே நகல்) எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துவைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால், நடுவில் டிரைவ் விழுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். யூஎஸ்பி அடாப்டர் வேண்டாம். திணறும் டிரைவை அது அடிக்கடி ரீசெட் செய்து வேலையைக் கெடுக்கும்.

பெயர் மாறி நிற்கும் எஸ்11 வகைக்கு ஃபர்ம்வேரைத் திரும்ப ஏற்றும் டூல்கள் சுற்றுகின்றன. டிரைவ் எழுந்துவிடும்தான், ஆனால் காலியாக. டேட்டா வேண்டுமென்றால் ரெகவரி லேபுக்குப் போகும்வரை அந்த டூல்களைத் தொடவே கூடாது.

லேபால் எடுக்க முடியும் என்பதுதான் இன்னொரு பக்கத்தில் தலைவலி. செத்த டிரைவுக்கு எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லும் செக்யூர் எரேஸ் கட்டளை கொடுக்க முடியாது. கேட்டுச் செய்ய கன்ட்ரோலர் இல்லை. சிப்புகளில் பான் கார்டு ஸ்கேன், வங்கி ஸ்டேட்மென்ட், குடும்பப் படம் எல்லாம் அப்படியே இருக்கும். வாரண்டியில் மாற்று டிரைவ் தருவார்கள், பழையது திரும்பி வராது. என்கிரிப்ட் செய்யாத, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி டேட்டாவைப் பூட்டாத டிரைவ் என்றால் வாரண்டியை மறந்துவிடுவதே என் கணக்கில் லாபம். 240 ஜிபி டிரைவின் விலை அந்தக் கோப்புகளைவிடக் குறைவு.

என்கிரிப்ஷனை முதல் நாளே, விண்டோஸ் போட்ட கையோடு போட வேண்டும். 240 ஜிபி டிரைவுக்குள் பெரும்பாலும் இருக்கும் ஃபிளாஷ் ஏறக்குறைய 275 ஜிபி. மிச்ச 35 ஜிபி கன்ட்ரோலரின் சொந்த உபயோகத்துக்கு. நம் கண்ணுக்கு வராது. இரண்டு வருடம் கழித்து விண்டோஸின் என்கிரிப்ஷனான பிட்லாக்கர் போட்டால் பழைய கோப்புகளின் நகல் அந்த மறைவிடத்தில் பூட்டில்லாமல் தங்கலாம். மேலே எத்தனை முறை எழுதினாலும் அந்த இடத்துக்குக் கை எட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

டிரைவிலேயே என்கிரிப்ஷன் இருக்கிறது என்று பெட்டியில் போட்டிருந்தாலும் சாஃப்ட்வேர் என்கிரிப்ஷனையே தேர்ந்தெடுங்கள். சில பிரபல டிரைவ்களில் பாஸ்வேர்டு இல்லாமலே பூட்டைத் திறக்க முடிவதை நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் காட்டினார்கள். என்கிரிப்ஷனை வேகமாகச் செய்யும் ஏஇஎஸ் வசதி இல்லாத மிகப் பழைய பிராசசரில் மட்டும் வேகம் குறைவது தெரியும்.

பிட்லாக்கரின் 48 இலக்க ரெகவரி கீயை அதே டிரைவில் சேமிப்பது, பீரோ சாவியை பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவது மாதிரி. காகிதத்தில் அச்சடித்து வையுங்கள். லினக்ஸின் என்கிரிப்ஷனான லக்ஸ் போடுபவர்கள், பூட்டின் சாவி விவரம் இருக்கும் ஹெடர் பகுதியின் பேக்கப்பையும் வெளியே எடுத்துவைக்க வேண்டும்; லக்ஸ்2 ஹெடர் வழக்கமாக 16 எம்பிதான், அது கெட்டால் பாஸ்வேர்டு தெரிந்தும் பயனில்லை.

உடைப்பதென்று முடிவானால் மூடியைக் கழற்றாமல் உடைக்காதீர்கள். விலை குறைந்த 2.5 அங்குல டிரைவ்களில் உள்ளே இருக்கும் போர்டு பல சமயம் கேஸில் மூன்றில் ஒரு பங்குதான், கனெக்டர் பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கும். கேஸின் நடுவில் டிரில் போட்டால் ஓட்டை விழுவது வெறும் காற்றில். சிப்புக்கு ஒரு கீறல்கூட இருக்காது. திறந்து, போர்டில் உள்ள கறுப்புச் சிப்புகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகச் சுத்தியலால் தூளாக்குங்கள். கேஸ் இல்லாத சின்னப் பட்டை வடிவ எம்.2 டிரைவ் என்றால் திருப்பிப் பாருங்கள், பின்பக்கமும் சிப் இருக்கலாம். ஃபைபர் கிளாஸ் தூசி பறக்கும், கண்ணாடியும் மாஸ்க்கும் போட்டுக்கொள்ளுங்கள். காந்தத்தால் எஸ்எஸ்டியில் எதுவும் அழியாது. தூளை இ-வேஸ்ட் எடுப்பவர்களிடம் கொடுத்துவிடலாம்.