மிச்சம் 38 என்று சொன்ன தாள்

வாடகைக்கு விடுவதற்கென்றே பழைய வீடு ஒன்றை வாங்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள். புரோக்கர் ஒரு தாளை நீட்டுவார். மாத வாடகை, கடன் தவணை, மிச்சம் என்று மூன்றே வரி இருக்கும். எனக்கும் அப்படி ஒரு தாள் வந்தது. வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

தொகையைச் சொல்வதைவிட விகிதமாகச் சொன்னால் யாருக்கும் பொருந்தும். வாடகை 100 என்றால் தவணை 62. மிச்சம் 38. "மாசாமாசம் கையில நிக்கும் சார், ஒரு செலவும் கிடையாது, எல்லா வேலையும் முடிச்சு வெச்சிருக்கோம்" என்றார். உள்ளே போனால் புதுப் பெயிண்ட் வாசனை மூக்கைத் துளைத்தது.

அந்தப் பெயிண்டில்தான் ஏமாந்தேன். படுக்கையறைக் கூரையில், ஜன்னல் பக்க மூலையில், விரித்த குடை அளவுக்கு ஓர் இடம் மட்டும் மற்ற இடங்களைவிடக் கூடுதல் வெள்ளையாக இருந்தது. பார்த்தேன். ஏனென்று கேட்கவில்லை. நல்ல வாடகை கண்ணை மறைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் மழைக்காலத்தில் குடியிருந்தவர் இரவு பதினொரு மணிக்கு ஒரு படம் அனுப்பினார். அதே குடை வட்டம், ஓரத்தில் டீக்கறை போலப் பழுப்புக் கோடு, நடுவில் பெயிண்ட் கொப்புளம் விட்டிருந்தது. மறுநாள் மேஸ்திரி வந்து சுத்தியல் காம்பால் தட்டினார். நல்ல இடத்தில் 'டக்' என்று கெட்டியான சத்தம், அந்த வட்டத்தில் மட்டும் வெற்றுப் பெட்டியைத் தட்டுவது போல. இரண்டு தட்டில் பூச்சு பாளமாகக் கட்டில்மேல் விழுந்தது. உள்ளே கம்பி இலை இலையாகத் துரு உரிந்து நின்றது. இரும்பு துருப்பிடித்தால் பல மடங்கு பருக்கும், அந்த அழுத்தத்தில் கான்கிரீட் உள்ளிருந்தே பிளக்கும். அது ஒரு வருடத்தில் வருகிற வினை அல்ல. விற்றவர்கள் வெடிப்பின்மேல் பட்டி இழுத்து வெள்ளையடித்திருக்கிறார்கள். பூசி மெழுகுவது என்பதை அன்றுதான் நேரில் பார்த்தேன்.

புரோக்கருக்குப் போன் போட்டேன். "சார், அது மெயின்டெனன்ஸ். அதை யாரும் தாள்ல போடமாட்டாங்க" என்றார். சொன்ன கையோடு தனக்குத் தெரிந்த ஓர் ஆளையும் அனுப்பி வைத்தார். வந்தவர் பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மொட்டைமாடியில் பழைய பூச்சைக் கொத்தாமலே வாட்டர்புரூஃபிங் கலவையை மேலே தேய்த்துவிட்டுப் போனார். அடுத்த மழையில் மறுபடி ஒழுகியது. அவர் போனை எடுக்கவில்லை. வேறு ஆளை வைத்து, கொத்தி, கம்பிக்கு மருந்தடித்து, சரிவு மாற்றி முடித்தபோது மொத்தம் 14 மாத வாடகை போயிருந்தது. வேலை நடந்த இரண்டு மாதம் வீடு காலி. காப்பீட்டில் கேட்டேன். திடீரென்று நேரும் சேதத்துக்குத்தான் பணம், நாள்பட்ட கசிவுக்குக் கிடையாது என்று கையை விரித்தார்கள். பாலிசியில் அப்படித்தான் அச்சடித்திருந்தது, படிக்காதது என் தப்பு.

அதே ஆண்டு வாட்டர் ஹீட்டரும் போயிற்று. 'எதிர்பாராத செலவு' என்று நானே எல்லோரிடமும் புலம்பினேன். பிளம்பர் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்துவிட்டு, "பதினொரு வருஷம் ஓடியிருக்கு, இன்னும் என்ன?" என்றார். தொட்டி வைத்த ஹீட்டர் பொதுவாக 8 முதல் 12 ஆண்டுகள்தான் உழைக்கும். இதில் எதிர்பாராதது எங்கே இருக்கிறது?

அன்றைக்கு உட்கார்ந்து போட்ட கணக்கு இது. ஒவ்வொன்றுக்கும் மாற்றும் செலவு எவ்வளவு, இன்னும் எத்தனை மாதம் தாங்கும் என்று பார்த்து வகுத்தால் மாதம் எடுத்து வைக்கவேண்டிய தொகை கிடைக்கும். பழைய வீட்டில் இந்த வகுத்தல்தான் உதைக்கிறது. புது ஹீட்டர் என்றால் செலவு 120 மாதங்களில் பரவும். ஒரு வருட ஆயுள் மிச்சமுள்ள ஹீட்டர் என்றால் முழுச் செலவும் 12 மாதத்தில் வந்து நிற்கும். கூரை, குழாய், வயரிங் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். அதனால் வாங்கும்போது கேட்கவேண்டியது வீட்டின் வயதை மட்டுமல்ல. கூரைவேலை எப்போது நடந்தது, ரசீது எங்கே, ஹீட்டர் எந்த வருடத்தது என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சோதித்துப் பார்க்க உங்கள் ஆளைக் கூட்டிப் போங்கள், புரோக்கர் அனுப்பும் ஆள் வேண்டாம். முடிந்தால் மழை பெய்த மறுநாள் போங்கள்.

வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு 1 சதவீதம் பராமரிப்புக்கு ஒதுக்கு என்று ஒரு வாய்ப்பாடு சொல்வார்கள். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இல்லை. மனை விலை ஏறினால் மதிப்பு ஏறும், கூரைக்கு அது தெரியாது. கடன் தவணை நீங்கலாக, வாடகையில் பாதி செலவுக்கே போகும் என்ற இன்னொரு வாய்ப்பாடு உண்டு. அது கடுமையாகத் தெரியும். ஆனால் வாடகை 100 என்ற அதே கணக்கில், என் வீட்டில் காலியாகக் கிடக்கும் நாட்களுக்கு 8 (வருடத்தில் ஒரு மாதம் என்றாலே அவ்வளவு), வரியும் காப்பீடும் 12, சில்லறை ரிப்பேர் 8, பார்த்துக்கொள்பவருக்கு 8, பெரிய வேலைகளுக்கு ஒதுக்குவது 14. கூட்டினால் சரியாக 50. தவணை 62-ஐச் சேர்த்தால் 112. அதாவது மிச்சம் 38 என்ற வீட்டுக்கு மாதாமாதம் என் கையிலிருந்து 12 போகிறது.

குடியிருப்பவர் கொடுத்த முன்பணத்தை அவசரத்துக்கு எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட அந்தப் புரோக்கர் யோசனை சொன்னார். அது அவர் பணம், போகும்போது கேட்பார்.

போன மாதம் புரோக்கர் மறுபடி கூப்பிட்டார். வாங்க ஆள் இருக்கிறதாம், நல்ல விலை வருமாம். "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம் சார், ஒரு கோட் பெயிண்ட் மட்டும் அடிச்சிருங்க." ரிப்பேர் ரசீதுகளையும் அந்தக் கூரைப் படத்தையும் சேர்த்தே காட்டுவேன் என்றேன். அப்புறம் அவரிடமிருந்து போன் இல்லை.