பென்ஷன்காரருக்கு எந்த இன்சூரன்ஸ்?

என் மச்சினன் 24 வருஷப் பட்டாள சர்வீஸ் முடித்து, வெலிங்டனில் டிஸ்சார்ஜ் டிரில் எல்லாம் ஆகி, கறுப்பு டிரங்குப் பெட்டியோடு கேரள எல்லையோரக் கொழிஞ்சாம்பாறைக்கு வந்து இறங்கினான். ஹவில்தார். வயது 43. பெட்டிப் பூட்டைத் திறப்பதற்குள் இரண்டு ஏஜென்ட் வந்தாயிற்று. ஒருவர் சித்தூரிலிருந்து, இன்னொருவர் எல்லை தாண்டிப் பொள்ளாச்சியிலிருந்து. பட்டாளத்தில் சேர்ந்த மெச்சூரிட்டிப் பணத்தின் வாசம் வாளையாறு வரைக்கும் போகும் போலிருக்கிறது.

"மாமா, பட்டாள இன்சூரன்ஸ் ஏஜிஐ இருக்குதுங்க, போஸ்ட் ஆபீஸ் இருக்குது, எல்ஐசி இருக்குது, பாங்க்குல 436 ரூபாய்னு ஒண்ணு பிடிக்கறாங்க. எதைங்க வெக்கறது, எதை விடறது?"

நான் 13 வருஷத்துக்கு முன்னால் ஹவில்தார் கிளார்க்காக வெளியே வந்தவன். அன்றிலிருந்து இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாரம் எழுதிக் கொடுக்கிற ஆள் நான்தான். மலையாளத்தில் இருந்தாலும் சரி, இந்தியில் இருந்தாலும் சரி, திண்ணைக்கு வந்துவிடும். அந்த அனுபவத்தில் நாலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கு. அது இல்லாமல் எந்த பாலிசியை ஒப்பிட்டாலும் வீண்.

நாளைக்கே இவன் இல்லையென்றால் வீட்டுக்கு வரும் எந்த வருமானம் நின்றுபோகும்? பென்ஷன் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் அது அவ்வளவாக நிற்காது. ஓய்வுக்குப் பிறகு இறந்தால் முதல் 7 வருஷம், அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கக்கூடிய நாள் வரை, இரண்டில் எது முந்துகிறதோ அதுவரை, குடும்பப் பென்ஷன் கூடுதல் விகிதத்தில் வரும். கிட்டத்தட்ட அவர் வாங்கிய பென்ஷன் அளவே. பிறகு கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதமாக இறங்கும். இன்னொரு விஷயம் நம் ஆட்களில் பாதிப்பேருக்குத் தெரியாது. பென்ஷனில் 50 சதவீதம் வரை கம்யூட் பண்ணி, அதாவது விட்டுக்கொடுத்து மொத்தப் பணமாக வாங்கியிருந்தாலும் குடும்பப் பென்ஷனில் அந்தப் பிடித்தம் கிடையாது. உயிரோடு இருப்பவருக்குத்தான் 15 வருஷம் குறைந்த பென்ஷன்.

ஆக, அரிசி பருப்புக்குப் பென்ஷன் பார்த்துக்கொள்ளும். நிற்கப்போவது இரண்டாவது சம்பளம். மச்சினனுக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை பேசி முடிந்திருக்கிறது, மாதம் 18,000. 58 வயது வரை பார்த்தால் 15 வருஷம், 32 லட்சத்து 40 ஆயிரம். வீட்டு லோன் பாக்கி 6 லட்சம். மொத்தம் 38 லட்சத்துச் சொச்சம். இந்தக் குழியை எது எவ்வளவு நிரப்புகிறது என்பதுதான் கேள்வி.

ஏஜிஐ

ஆர்மி குரூப் இன்சூரன்ஸ் ஃபண்ட் 1976 ஜனவரி 1-ல் தொடங்கியது. பலர் இதை அரசாங்கப் பணம் என்றே நினைக்கிறார்கள். அது சொசைட்டி சட்டத்தில் பதிவான ஓர் அமைப்பு. சிப்பாய் முதல் ஜெனரல் வரை மாதாமாதம் சம்பளத்தில் பிடிக்கும் காசில் ஓடுகிறது. பிடித்ததில் ஒரு பங்கு காப்பீட்டுக்கு, மீதி சேமிப்புக்கு. வெளியே வரும்போது கையில் கிடைக்கும் ஏஜிஐ மெச்சூரிட்டி அந்தச் சேமிப்புதான். நேவிக்கும் ஏர்ஃபோர்ஸுக்கும் இதே மாதிரித் தனித்தனியாக உண்டு.

நமக்கு வேண்டியது அதற்கப்புறம் வரும் பகுதி, எக்ஸ்டெண்டட் இன்சூரன்ஸ். மெச்சூரிட்டியிலிருந்து ஒரே தவணையாக ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு, ஓய்வுக்குப் பிறகும் குறிப்பிட்ட வயது வரை ஆயுள் காப்பு தருகிறார்கள். அந்த வயதைத் தாண்டி உயிரோடு இருந்தால் பணம் திரும்பாது. எவ்வளவு தொகை, எந்த வயது வரை என்பது அவரவர் வெளியே வந்த காலத்துத் திட்டத்தையும் ரேங்கையும் பொறுத்தது. டிஸ்சார்ஜ் புக்கோடு வந்த சான்றிதழில் அச்சாகியிருக்கும்.

இதன் பெரிய பலம், மருத்துவப் பரிசோதனை இல்லை. ரிலீஸ் மெடிக்கல் போர்டில் ஷேப்-1 என்ற முழு ஆரோக்கிய வகை இல்லாமல் பி-2, பி-3 என்ற குறைந்த வகையில் வெளியே வந்தவருக்கு, வெளியில் எந்தக் கம்பெனியும் சுலபமாக பாலிசி தராது. அவருக்கு இது வரம். பலவீனம், தொகை போதாது. ஜவானுக்கும், ஜேசிஓ எனப்படும் சுபேதார் வகையறாவுக்கும் வரும் தொகையை என் கணக்கிலுள்ள குழிக்கு எதிரே வைத்துப் பாருங்கள், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் பூண்டு மாதிரி இருக்கும். ஆனால் மாதப் பிடித்தம் இல்லாததால் பாலிசி விட்டுப்போக வழியே இல்லை. அதற்காகவே இதற்கு நான் பாதி மார்க் கூடப் போடுவேன்.

போஸ்ட் ஆபீஸ்

தபால் ஆயுள் காப்பீடு, அதாவது பிஎல்ஐ, 1884 பிப்ரவரி 1-ல் தபால் ஊழியர்களுக்காகத் தொடங்கியது. எல்ஐசிக்கு 72 வருஷம் மூத்தது. நேராக மத்திய அரசே பொறுப்பு. போனஸும் கொஞ்சம் கொழுப்பானதுதான். சமீப வருஷங்களில் சந்தோஷ் என்னும் எண்டோமென்ட் பாலிசிக்கு (காலம் முடிந்தால் பணம் திரும்பும் வகை) காப்புத் தொகை 1,000 ரூபாய்க்கு வருஷம் 52, முழு ஆயுள் பாலிசியான சுரக்ஷாவுக்கு 76. தொகை 50 லட்சம் வரை எடுக்கலாம், 55 வயது வரை சேரலாம்.

சர்வீஸில் இருக்கும்போது ஆர்மி போஸ்டல் சர்வீஸ் மூலமாக மச்சினன் 5 லட்சத்துக்கு சந்தோஷ் எடுத்திருந்தான், 28 வயதில். பொள்ளாச்சி ஏஜென்ட் சொன்ன முதல் யோசனை, "அதை சரண்டர் பண்ணிட்டு நம்மகிட்ட போடுங்க சார்." இதைக் கேட்டதும் எனக்கு வந்ததே கோபம். 28 வயது ரேட்டில் ப்ரீமியம் கட்டுகிற பாலிசியை 43 வயதில் உடைத்துவிட்டு, 43 வயது ரேட்டில் புதிதாக வாங்குவதா? போனஸ் மட்டுமே வருஷம் 26,000 ஏறுகிறது. கமிஷன் அவருக்கு, நஷ்டம் இவனுக்கு.

இங்கே என் கதையையும் சொல்லிவிட வேண்டும். பிஎல்ஐ பணம் பட்டாளத்தில் சம்பளத்தில் தானாகப் பிடிபடும். வெளியே வந்ததும் பென்ஷனில் பிடிப்பார்கள் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பிடிக்கவில்லை. ஒருவரும் பிடிக்கச் சொல்லவும் இல்லை. வந்த நோட்டீஸ் பழைய யூனிட் விலாசத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. பதினோராவது மாதம் தற்செயலாகத் தெரிந்தது. 3 வருஷத்துக்கு மேல் ஓடிய பாலிசி என்றால் 12 தவணை தவறினால் லாப்ஸ். 3 வருஷத்துக்குக் குறைந்தது என்றால் 6 தவணையே போதும். ஒரு மாத இடைவெளியில் தப்பித்தேன், வட்டியோடு கட்டி. ஹவில்தார் கிளார்க் என்று பெயர், ஊர் முழுக்க பாரம் எழுதினேன், என் பாரத்தை மட்டும் விட்டுவிட்டேன். டிஸ்சார்ஜ் ஆனதும் பாலிசியைச் சிவில் தபால் நிலையத்துக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மாற்றிவிட்டால் வேலந்தாவளத்திலும் கட்டலாம், கோயமுத்தூரிலும் கட்டலாம். 12 மாதத்தை முன்கூட்டிக் கட்டினால் 2 சதவீதம் தள்ளுபடி.

புதிதாக எடுப்பதென்றால் பிஎல்ஐக்குத் தகுதி பார்ப்பார்கள்: அரசு வேலை, வங்கி வேலை, பட்டதாரி, டிப்ளமோ என்று. ஆனால் கிராமத்தில் குடியிருந்தால் போதும் என்று இன்னொரு கதவு இருக்கிறது. 1995 மார்ச் 24-ல் தொடங்கிய கிராமிய தபால் ஆயுள் காப்பீடு. உச்சவரம்பு 10 லட்சம். கிராம சந்தோஷுக்கு போனஸ் 1,000-க்கு 48. இப்போதைய விகிதமே தொடர்ந்தால் 10 லட்சத்துக்கு 15 வருஷத்தில் 7 லட்சத்து 20 ஆயிரம் போனஸ் சேரும். இதிலும் எல்லைக்கோடு விளையாடும்: கொழிஞ்சாம்பாறை பஞ்சாயத்து என்பதால் மச்சினனுக்கு உண்டு, சித்தூர்-தத்தமங்கலம் முனிசிபாலிட்டிக்குள் வீடு கட்டிய அவன் பேட்ச் ஆளுக்கு இல்லை.

சேமிப்பாகப் பார்த்தால் இவ்வளவு பத்திரமான இடம் குறைவு. காப்பீடாகப் பார்த்தால் மாதம் ஆயிரக்கணக்கில் கட்டியும் 10 லட்சம்தான். 38 லட்சக் குழிக்கு அது கால்வாசி.

436 ரூபாய்

பிரதம மந்திரி ஜீவன் ஜோதி பீமா யோஜனா, 2015 மே 9-ல் தொடங்கியது. முதலில் 330 ரூபாய், 2022 ஜூன் 1 முதல் 436. எந்தக் காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் 30 நாள் விபத்து மரணத்துக்கு மட்டும். 50 வயதுக்குள் சேரவேண்டும், 55-ல் நின்றுவிடும். எனக்குப் போன வருஷம் நின்றது. ஜூன் முதல் மே வரை ஒரு வருஷக் கணக்கு. மே கடைசியில் அக்கவுன்டில் 436 ரூபாய் இல்லாவிட்டால் போச்சு. நாலு பாங்கில் நாலு தடவை பிடித்தாலும் ஒரு 2 லட்சம்தான் கிடைக்கும். எல்லையோரத்தில் பாலக்காட்டில் ஓர் அக்கவுன்ட், பொள்ளாச்சியில் ஓர் அக்கவுன்ட் என்று வைத்திருப்பவர்கள் கவனிக்க.

இதில் யோசிக்க ஒன்றுமில்லை, எடுத்துவிட வேண்டியதுதான். கூடவே 20 ரூபாய்க்கு பிரதம மந்திரி சுரக்ஷா பீமா என்று விபத்துக் காப்பு. 70 வயது வரை. பென்ஷன் அக்கவுன்டோடு பாங்க் இலவசமாகத் தரும் காப்பும் விபத்துக்குத்தான். அதன் பெரிய தொகையைப் பார்த்து, "எனக்குத்தான் பாங்க்கே தருதே" என்று இருந்துவிடுகிறார்கள். மாரடைப்பு விபத்தில் சேராது.

எல்ஐசி

1956 செப்டம்பர் 1-ல் பிறந்த எல்ஐசிக்கு, அதன் சட்டத்தின் 37-ஆம் பிரிவில் மத்திய அரசின் உத்தரவாதம் இருக்கிறது. பங்குச் சந்தைக்குப் போன பிறகும் அது அப்படியேதான். ஆகையால் பத்திரம் என்ற அளவில் தபால் ஆபீஸோடு சமமாக வைக்கலாம். எண்டோமென்டில் சமமாக வைக்க மாட்டேன். பிஎல்ஐ போனஸ் எனக்கு மேலாகப் படுகிறது. எல்ஐசியிடம் இருக்கும், தபால் ஆபீஸிடம் இல்லாத சரக்கு டெர்ம் பாலிசி. இருந்தால் ஒன்றும் வராது, இறந்தால் முழுத்தொகை. ஏஜென்டுகள் இதை எடுத்துக் காட்டவே மாட்டார்கள், கமிஷன் மெல்லியது. சித்தூர்க்காரர் காட்டவில்லை, கேட்ட பிறகு, "அதில காசு திரும்பாதுங்களே" என்றார். எக்ஸ்டெண்டட் இன்சூரன்ஸிலும்தான் திரும்பாது. பட்டாளம் பிடித்தபோது யாரும் கேட்கவில்லையே.

30 லட்சம் அளவுக்குக் காப்பு வேண்டுமென்றால் இது ஒன்றுதான் வழி. தடை இரண்டு. சர்க்கரை, பிரஷர், மெடிக்கல் போர்டு எழுதியது எல்லாவற்றையும் ப்ரபோசலில் மறைக்காமல் எழுதவேண்டும். மறைத்தால் பின்னால் குடும்பம்தான் அலையும். பீடி சிகரெட் பிடிப்பவருக்கு ரேட் தனி. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் ஆயுள் காப்பீட்டு ப்ரீமியத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது என்பதால், பழைய ரேட் கார்டை நீட்டினால் வாங்காதீர்கள்.

கேரளா அரசில் மறுவேலை கிடைத்தவர்களுக்கு ஸ்டேட் லைஃப் இன்சூரன்ஸ் கட்டாயம். சம்பளத்தில் தானாகப் பிடிப்பார்கள். அது விருப்பத்தில் சேராது என்பதால் ஒப்பீட்டில் வைக்கவில்லை.

நாலு வருஷத்துக்கு மட்டும் பட்டாளத்தில் சேரும் அக்னிவீர் பையன்களுக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ். நாலு வருஷம் முடியும்வரை 48 லட்சம் காப்பு, அவர்கள் கையிலிருந்து ஒரு ரூபாய் இல்லாமல். முடிந்த மறுநாள் அது இல்லை, பென்ஷனும் இல்லை, குடும்பப் பென்ஷனும் இல்லை. 23 வயதில் டெர்ம் பாலிசி மலிவாகக் கிடைக்கும். வெளியே வந்ததும் அவர்கள் முதலில் எடுக்கவேண்டியது அதுதான்.

மச்சினனுக்கு நான் சொன்னது: எக்ஸ்டெண்டட் இன்சூரன்ஸ் சான்றிதழை லேமினேட் பண்ணாமல் கவரில் வை. பழைய சந்தோஷைத் தொடர்ந்து கட்டு. 436-ம் 20-ம் பென்ஷன் அக்கவுன்டிலேயே பிடிக்கட்டும். 58 வயது வரை 30 லட்சத்துக்கு டெர்ம். கிராம சந்தோஷ் கையில் மிச்சம் இருந்தால் மட்டும்.

"அப்ப மெச்சூரிட்டிப் பணத்தை எதுலயும் போட வேண்டாமுங்களா?"

"லோனை அடை, மாப்ளே. குழியில் 6 லட்சம் அப்பவே குறையுது."

அப்புறம் பெட்டியில் இருந்த காகிதங்களைப் பரப்பினோம். எனக்குத் தங்கச்சி முறையாகும் அவன் வீட்டுக்காரியையும் உட்கார வைத்தேன். நாளைக்கு அலையப் போகிறவள் அவள்தானே. பட்டாள ரெக்கார்டில் அவள் பெயர் செல்வி. ஆதாரில் தமிழ்ச்செல்வி. பாங்க் புக்கில் அப்பா இனிஷியலோடு, ரேஷன் கார்டில் அக்ஷயா என்ற கேரள அரசு சேவை சென்டரில் மலையாளத்திலிருந்து திருப்பி அடித்த வேறொரு எழுத்தில். நாலு காப்பீட்டுக்கும் நாமினி ஒரே ஆள், காகிதத்தில் நாலு பேர்.

திங்கட்கிழமை அஃபிடவிட்டோடு வெலிங்டன் ரெக்கார்ட்ஸுக்கு எழுதுகிறோம். சித்தூர்க்காரரின் ப்ரபோசல் பாரம் அதுவரை திண்ணையில் இருக்கட்டும்.