உறைபனி இரவில் இஎஸ்பி32: எந்த பேட்டரி தாங்கும்?

டிசம்பர் பிறந்தால் நீலகிரியின் கேத்தி பாலாடாவில் நீர்ப்பனி போய் உறைபனி தொடங்கிவிடும். சித்தப்பாவின் கேரட் தோட்டத்தில் வெப்பநிலை 2 டிகிரிக்குக் கீழே இறங்கினால் போனுக்குச் செய்தி வர, வைஃபை உள்ள குட்டிக் கணினியான இஎஸ்பி32 போர்டு ஒன்றையும் டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சாரையும் வைத்தேன். செய்தி வந்ததும் அவர் எழுந்து ஸ்பிரிங்ளரைத் திறந்துவிடுவார். பகலெல்லாம் ஒழுங்காக ஓடிய போர்டு, விடியற்காலை 4 மணிக்கு ரீசெட் ஆகிக்கொண்டே இருந்தது. "பனி கொட்டுறப்பதான் தம்பி உன் மெஷின் படுத்துக்குது" என்றார். செய்தி வராத அன்று இரண்டு பாத்தி கருகிப்போனது.

லேப்டாப்பைப் பாத்தி ஓரம் வைத்து, போர்டு அனுப்பும் வரிகளைக் காட்டும் சீரியல் மானிட்டரைப் பார்த்தேன். 'பிரவுன்அவுட்' என்ற ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தது. சிப்புக்குப் போகும் மின்னழுத்தம் ஏறக்குறைய 2.4 வோல்ட்டுக்குக் கீழே ஒரு கணம் சரிகிறது என்று அர்த்தம். வைஃபையில் அனுப்பும்போது சிப் 240 மில்லிஆம்பியர் வரை இழுக்கும். குளிரில் செல்லின் உள்தடையும் ஏறிவிடும். மல்டிமீட்டரில் இந்தச் சரிவு தெரியவே தெரியாது. அவ்வளவு வேகமாக வந்து போவதை அதனால் பிடிக்க முடியாது. என்னுடையது நிம்மதியாக 3.7 காட்டிக்கொண்டிருந்தது.

முதலில் வைத்திருந்தது 18650 லித்தியம் செல், நேராக 5 வோல்ட் பின்னில். பலர் செய்வது இதுதான், தப்பும் இதுதான். மின்னழுத்தத்தைச் சிப்புக்கு ஏற்ற 3.3 வோல்ட்டுக்கு இறக்க போர்டில் இருக்கும் ஏஎம்எஸ்1117 ரெகுலேட்டர் தனக்கென்று 1.1 வோல்ட் பிடித்துக்கொள்ளும். 3.7 கொடுத்தால் சிப்புக்கு 2.6தான் மிஞ்சும், கொஞ்சம் குளிர்ந்தாலே கதை முடிந்தது. போதாததற்கு, போர்டு தூங்கும்போதும் அந்த ரெகுலேட்டர் 5 மில்லிஆம்பியர் தின்னும். 2600 எம்ஏஎச் செல்லை அது ஒன்றே மூன்று வாரத்தில் காலி செய்துவிடும்.

மோட்டார் ரூமிலிருந்து அடாப்டர் போட்டு கேபிள் இழுக்கலாம்தான். ஆனால் ஒல்லியான 2 மீட்டர் யூஎஸ்பி கேபிளிலேயே அரை ஆம்பியருக்கு 0.4 வோல்ட் போய்விடும். மரக்கிளை முறிந்து லைனில் விழுந்தால் அன்றைக்குக் கரன்ட்டே இருக்காது.

12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரியும், அதன் வோல்ட்டை இறக்கித் தரும் எல்எம்2596 பக் கன்வெர்ட்டரும் கெட்டியான ஜோடி. 12 வோல்ட்டில் இழுக்கும் மின்னோட்டம் குறைவு என்பதால் நீள வயரும் தொந்தரவு தராது. போர்டை இணைக்கும் முன் கன்வெர்ட்டரின் திருகைத் திருப்பி 5 வோல்ட்டுக்கு வைத்துவிட வேண்டும், மறந்தால் போர்டு போச்சு. பேட்டரியின் கனம்தான் சிக்கல். படிப்படியாக இறங்கும் தோட்டத்தில் சார்ஜுக்குத் தூக்கிக்கொண்டு ஏற சித்தப்பாவின் முழங்கால் இடம் கொடுக்காது.

என் ஓட்டு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் செல்லுக்குத்தான். அதன் 3.2 வோல்ட்டை ரெகுலேட்டரைத் தொடாமல் நேரே 3.3 பின்னில் கொடுக்கலாம். குளிரில் இதுவும் தளரும், ஆனால் இடையில் 1.1 வோல்ட் பறிபோகாததால் தளர இடம் இருக்கிறது. வைஃபையின் திடீர் இழுப்பைத் தாங்க, பின்னை ஒட்டி 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றைப் பற்றவைத்தேன், பவர் எல்இடியைக் கழற்றிவிட்டேன். இதற்குச் சாதாரண லித்தியம் செல்லுக்கான டிபி4056 சார்ஜர் ஆகாது, அது 4.2 வரை ஏற்றிவிடும், 3.65இல் நிற்கும் சார்ஜர் வேண்டும். சிப்பின் எல்லை 3.6 என்பதால் போர்டில் வைத்தபடியே சார்ஜ் செய்வதில்லை. பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் செல் கெடும், அதனால் சோலார் பேனலும் வைக்கவில்லை. இரண்டு செல் வாங்கி, ஒன்று தோட்டத்தில் இருக்கும்போது மற்றதை வீட்டுக்குள் சார்ஜ் போடுகிறோம்.

புரோகிராமில் ஒரு வரி சேர்த்து, மின்னழுத்தம் சரிந்தால் ரீசெட் செய்யும் பிரவுன்அவுட் காவலையே அணைத்துவிடச் சிலர் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். ரீசெட் ஆகாமல் பாதியில் உறைந்து நின்றால், போர்டு ஓடுகிறது என்று நம்பிப் படுத்திருப்பீர்கள்.

அடுத்த சீசனில் ஸ்பிரிங்ளர் மோட்டாரையும் போர்டே ரிலே என்ற மின் சுவிட்ச் வழியாக ஓட்ட வேண்டும் என்கிறார் சித்தப்பா. ரிலே காயிலுக்குச் சின்ன செல் போதாது. அப்போது 12 வோல்ட் பேட்டரிக்குத்தான் போவேன், சுமக்கத் தேவையில்லாமல் மோட்டார் ரூமிலேயே வைத்து.