28-ஆ, 38-ஆ? ஆபீஸ் சைக்கிளுக்கு எந்த டயர்?

ஹைபிரிட் சைக்கிளில் டயர் தேய்ந்ததும் வரும் குழப்பம் இது. 28, 38 என்பது மி.மீ. கணக்கில் டயரின் அகலம். 700×28, 700×38 இரண்டும் உட்காருவது ஒரே 622 மி.மீ. விட்ட ரிம்மில்தான்.

காற்று: 70 கிலோ ஆளுக்கு 28-இல் 80 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) வாக்கில் வேண்டும், வாராவாரம் பம்ப் கட்டாயம். 38-க்கு 50 போதும், கொஞ்சம் மறந்தாலும் மன்னிக்கும்.

பஞ்சர்: காற்று குறைந்த 28 பள்ளத்தில் இறங்கினால் ட்யூப் ரிம்மோடு நசுங்கும். கழற்றிப் பார்த்தால் பாம்பு கடித்த மாதிரி அருகருகே இரண்டு கீறல். 38-இல் இது அபூர்வம். கருவேல முள்ளுக்கோ அகலம் ஒரு பொருட்டே இல்லை. ட்ரெட்டுக்கு (ரோட்டில் படும் ரப்பர்) அடியில் பஞ்சர் தடுப்புப் பட்டை உள்ள டயராகப் பாருங்கள். கனமும் விலையும் கூடும், ஆனால் பஞ்சர் கடையில் நிற்கும் நேரம் மிச்சம்.

ஓட்டம்: வழுவழுப்பான தார்ச்சாலையில் 28 விறுவிறு. ஒட்டுப்போட்ட ரோட்டில் 38-தான்; கை மரத்துப் போகாது.

பொருத்தம்: 28-க்குத் தொல்லையில்லை. 38 என்றால் ஃபோர்க், பின் ஃப்ரேம், மட்கார்டு எல்லாவற்றிலும் டயரைச் சுற்றி 5 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். 18 முதல் 28 மி.மீ. டயருக்கான பழைய 18–28 ட்யூபை 38-க்குள் திணிக்காதீர்கள், மெலிந்து சீக்கிரம் கிழியும். 35–43 ட்யூப் வாங்குங்கள்.

நல்ல ரோடு, முதுகில் லேசான பை மட்டும் என்றால் 28. குண்டும் குழியும், கேரியரில் லேப்டாப், மழைக்கால ஓட்டம் என்றால் யோசிக்காமல் 38.