மொரிஷியஸ் போக தகவல் தேடறது: பல வருசமா யூஸ் பண்ணதுல எது தேறுச்சு, எது தேறல

எங்க ஒறம்பரைல யாரு வெளிநாடு கெளம்பினாலும் மொதல்ல எனக்குத்தானுங்க போன் வரும். மொரிஷியஸ்னா கேக்கவே வேண்டாம், கொரோனாவுக்கு முந்தியிருந்தே தேடித் தேடி, குடும்பத்தோட போயி, பொறவு மச்சான் ஊடு, சித்தப்பா ஊடுன்னு ஆளாளுக்கு ப்ளான் போட்டுக் குடுத்துன்னு இந்த வேல ஓடிட்டே கெடக்கு. ஹோட்டல் பத்தியும் பீச் பத்தியும் எழுத ஆயிரம் பேரு இருக்காங்க, நான் சொல்ல வர்றது தகவல் எங்க தேடினா உருப்படியா கெடைக்கும், எங்க தேடினா டைம் வேஸ்ட்டுங்கறது மட்டும்.

மொதல்ல கிளைமேட். எந்த டிராவல் சைட்ட தொறந்தாலும் ஒரே பாட்டுதான், வருசம் பூரா இதமான வெயில், எப்ப வேணா போலாம்னு. பொய்யின்னு சொல்ல முடியாது. அந்த நாட்டு வானிலைத் துறையே கோடைல சராசரி 24.7 டிகிரி, குளிர்காலத்துல 20.4 டிகிரின்னுதான் போட்டிருக்கு, ரெண்டுக்கும் நாலு டிகிரி சொச்சம்தான் வித்தியாசம். ஆனா அது மொத்தத் தீவுக்கும் சேத்து எடுத்த சராசரி, நீங்க தங்கப் போறது ஏதோ ஒரு கரைல. நம்ம உடுமலைல வெயில் காயறப்ப வால்பாறைல கொட்டோ கொட்டுன்னு கொட்டுமில்லீங்களா, அங்கயும் அதே சமாச்சாரந்தான், ஆனா தெசை மட்டும் வேற. தென்கிழக்குல இருந்து வர்ற காத்து நடுவுல இருக்கற மேட்டுல ஏறி மழைய அங்கயே எறக்கிட்டு, மேக்க போறப்ப காஞ்சு போயிருது. மேக்குக் கரைல வருசத்துக்கு 900 மில்லிமீட்டர் பக்கம், நடு மேட்டுல 4000 வரைக்கும். இத்தனைக்கும் தீவோட நீளமே 65 கிலோமீட்டர், அகலம் 45 தான். க்யூர்பைப்னு மேட்டு மேல ஒரு ஊரு, 550 மீட்டர் ஒசரம், கடலோரத்துல இருக்கற தலைநகர் போர்ட் லூயிஸ்ல வேர்வைல நனஞ்சுட்டு அங்க ஏறினா தூறல்ல நடுங்கிட்டு நிப்பீங்க.

இது தெரியாம ஹோட்டல் போட்டா என்ன ஆகும்னா, ஜூலை ஆகஸ்ட்ல கெழக்குக் கரைல பெல் மார் பக்கம் ரேட் கொறையும், சைட்டும் டீல் டீல்னு காட்டும், ஏன் கொறஞ்சுதுன்னு மட்டும் ஒருத்தனும் சொல்ல மாட்டான். நமக்கு ஆடிக்காத்து அடிக்கற அதே மாசத்துலதானுங்க அங்கயும் கெழக்க காத்து எச்சா, பீச்ல துண்டு விரிச்சா நிக்காது. அந்த நேரத்துக்கு மேக்க ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், இல்லீன்னா வடமேக்க ட்ரூ ஓ பிஷ். பெரிய பட்டத்தப் புடிச்சுட்டு கடல்ல சறுக்கற கைட் சர்ஃபிங் பண்றவங்க மட்டும் காத்த தேடிப் போவாங்க, அவங்க கத வேற. அதனால கிளைமேட்டுக்குன்னா நான் இப்பல்லாம் நேரா மொரிஷியஸ் வானிலைத் துறை சைட்டுதான். பாக்க ஓட்டையா இருக்கும், பழைய காலத்து டிசைன், ஆனா எந்தப் பக்கம் மழை, கடல் எப்புடி, அல எத்தன ஒசரம்னு எடம் பிரிச்சு போடறான். போன்ல இருக்கற வெதர் ஆப்புல தீவு முழுக்க ஒரே மேகப் படம் ஒண்ணு வரும், அத நம்பி குடை எடுக்கறதும் ஒண்ணுதான் எடுக்காததும் ஒண்ணுதான்.

புயல் விசயம் தனியா சொல்லணும். நவம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் சீசன். மச்சான் ஊட்டு ஆளுங்க 2024 பொங்கல் லீவுல அங்க இருந்தாங்க, ஜனவரி 15, சரியா தைப்பொங்கல் அன்னிக்கு பெலால் புயல் வந்து போர்ட் லூயிஸ் ரோட்டுல காரெல்லாம் மெதந்துச்சு, டிவில பாத்திருப்பீங்க. இவங்க ஹோட்டலுக்குள்ளயே ஒக்காந்து அவல் சாப்பிட்டு பொங்கல் கொண்டாடினாங்க. அங்க புயல் எச்சரிக்கைய ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் நம்பர் போட்டு விடுவாங்க, மூணு வந்துட்டா பஸ்சு கடை எல்லாம் மூடிருவாங்க, நாலுன்னா 120 கிலோமீட்டர் வேகத்துக்கு காத்து அடிக்க ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். நான் பாத்த டூர் பேக்கேஜ் பேப்பர் ஒண்ணுலயும் இந்த நம்பர் சமாச்சாரம் இல்லீங்க. நம்ம பள்ளிக்கூட லீவுக்கு மே மாசம் போறவங்களுக்கு இந்தக் கவல இல்ல, உண்மையச் சொன்னா மே மாசம்தான் எனக்குப் புடிச்சது, புயலும் முடிஞ்சிருக்கும், கடலும் ரொம்ப குளுந்திருக்காது.

அடுத்து ப்ளாக்கு, வீடியோ. ப்ளாக்கப் பொறுத்தவரைக்கும் பழசா புதுசான்னு கண்டுபுடிக்க நான் வெச்சிருக்கற வழி சிம்பிள். அந்த ஊரு மெட்ரோ பத்தி ஒரு வரியாச்சும் இருக்கான்னு பாப்பேன். அது ஓட ஆரம்பிச்சதே 2019 கடைசிலதான், நம்ம எல் அண்ட் டி கட்டினது, இப்ப போர்ட் லூயிஸ்ல இருந்து ரோஸ் ஹில், காட்ர் போர்ன் வழியா க்யூர்பைப் வரைக்கும் போகுது. "டாக்சியும் பஸ்சும் மட்டும்தான்"னு எழுதியிருந்தா மேல படிக்கறதே இல்ல, ஏன்னா அதுல போட்டிருக்கற ரேட்டும் அந்தக் காலத்து ரேட்டாத்தான் இருக்கும்.

தமிழ் வ்லாக் பாக்கறதா இருந்தா சவுண்ட ஆஃப் பண்ணிட்டு பாருங்க. சும்மா சொல்லலீங்க. பேசறதுல பாதி ரிசார்ட்காரன் காசு குடுத்துப் பேச வெச்சது, ஆனா பேசறவனுக்குப் பின்னாடி கேமரால தெரியறத மறைக்க முடியாதுல்ல. எங்க அமுச்சிக்கு முட்டி வலி, கங்கா தலாவ்ங்கற ஏரிக்கரை சிவன் கோயிலுக்குக் கூட்டிப் போறதுக்கு முன்னாடி யாரோ ஒரு பையன் எடுத்த வீடியோவ நிறுத்தி நிறுத்தி பாத்துதான் கார் எங்க நிக்கும், அந்த 33 மீட்டர் சிவன் சிலைல இருந்து ஏரிக்கரை எத்தன தூரம், தண்ணிகிட்ட எறங்கற படிக்கு கைப்புடி இருக்கா, ஒக்கார திட்டு இருக்கான்னு முடிவு பண்ணோம். எழுதி வெச்ச தகவல்ல இதெல்லாம் எங்கயுமே கெடைக்கல.

ரிவ்யூ சைட்டு ஸ்டாரு, அத விடுங்க, எல்லாத்துக்கும் நாலரைதான். புதுசு மேல வர்ற மாதிரி அடுக்கிட்டு, மொழில ஃப்ரெஞ்சு செலக்ட் பண்ணி ட்ரான்ஸ்லேட் போட்டுப் படிங்க. பக்கத்துல ரீயூனியன் தீவு இருக்கு, ஃப்ரான்சுக்குச் சொந்தமானது, அங்க இருந்து ஆளுங்க சும்மா ஒரு லீவுன்னா இங்க வந்துருவாங்க. அவங்களுக்குக் கடலும் எரிமலையும் ஊட்டுப் பக்கத்துலயே இருக்கறதால வாயப் பொளக்க மாட்டாங்க, பார்க்கிங் சரியில்ல, சாப்பாடு ஆறிப் போச்சு, ஷாமரெல் ஏழு கலர் மண்ண பாக்க கால் மணி நேரம் போதும்னு கறாரா எழுதுவாங்க. நம்ம ஊரு ரிவ்யூல "சூப்பர் ப்ளேஸ் ஃபார் ஃபேமிலி"க்கு மேல ஒண்ணும் தேறாது, கோவிச்சுக்காதீங்க.

விசா தகவல்லதான் நெறையப் பேரு காச விடறாங்க. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு டூரிஸ்டா போறதுக்கு முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்ல, ரிட்டன் டிக்கெட், தங்கற எடத்து புக்கிங், செலவுக்குப் பணம் இதக் காட்டினா எறங்கினதும் போடறாங்க. கெளம்பறதுக்கு முன்னாடி ஆல் இன் ஒன் ட்ராவல் ஃபார்ம்னு ஒண்ணு ஆன்லைன்ல நெரப்பணும், அது ஃப்ரீ. ஆனா கூகுள்ல தேடினா வெளம்பரம் குடுத்த சைட்டுகதான் மேல வரும், பாக்க கவர்மென்ட் மாதிரியே கொடி, முத்திரை எல்லாம் இருக்கும், தங்கச்சி மாப்ள அப்புடி ஒரு சைட்டுல குடும்பத்துக்கே பணம் கட்டினாரு, திரும்பி வரல. அட்ரஸ் ஜிஓவிஎம்யு டாட் ஓஆர்ஜின்னு முடியுதான்னு பாத்துட்டு மட்டும் டைப் பண்ணுங்க.

கோயமுத்தூர்ல இருக்கற ஏஜென்ட்டுக குடுக்கற பேக்கேஜ் பாத்தீங்கன்னா எல்லாம் ஒரே அச்சு, நார்த் டூர் ஒரு நாளு, சவுத் டூர் ஒரு நாளு, இல் ஓ செர் தீவு ஒரு நாளு. காட்ர் போர்ன் பக்கம் கோர் த கார்ட் மலைல முருகன் கோயில் இருக்கு, தைப்பூசத்துக்கு அங்க கவர்மென்ட் லீவே விடறாங்க, காவடி எடுத்துட்டு அவ்வளவு கூட்டம் ஏறும். பழனிக்கு நடக்கற ஊர்க்காரங்களுக்கு பேக்கேஜ் போடறவங்க இத ஒரு வரிகூட சொல்றதில்ல. நான் யாருக்கு ப்ளான் போட்டாலும் இது மொத நாளே உள்ள வந்துரும்.

மேப் ஆப்பு தூரத்த சரியா காட்டும், நேரத்த நம்பாதீங்க. ஏர்போர்ட் தென்கெழக்கு மூலைல, கிராண்ட் பே வடக்கு மூலைல, நடுவுல போர்ட் லூயிஸ்ல காலைல மாட்டினா அவ்வளவுதான். பஸ்சு டைம் ஆன்லைன்ல தேடி நான் ஓஞ்சு போயிட்டேன், ஸ்டாப்புல நிக்கற ஒரு பெரியம்மாவக் கேக்கறதுதான் இன்னிக்கும் பெஸ்ட்டு. கிராமத்துப் பக்கம் சாயங்காலம் ஆறு, ஆறரையோட பஸ் நின்னுரும், ஜூன்லன்னா அங்க குளிர்காலம், ஆறு மணிக்கு முன்னாடியே பொழுதும் எறங்கிரும். "சன்செட் பாத்துட்டு பஸ்ல ரிட்டன்"னு ப்ளான் போட்டுக் குடுக்கறவன் அந்த ஊருக்குப் போனதே இல்லீன்னு முடிவு பண்ணிக்கோங்க.

சாப்பாட்டுக்கு சைவம்னு ஃபில்டர் போட்டா நாலு வடநாட்டு ஹோட்டல் காட்டும், வெல கண்ணக் கட்டும். ரோட்டோரத்துல தால் பூரின்னு விக்கறத ஒரு ஆப்பும் காட்டல, கடலப்பருப்ப வேக வெச்சுப் பொடிச்சு உள்ள வெச்ச மெல்லிசு பூரி, நம்ம ஒப்பிட்டு சைசுக்கு. ரெண்டு ரெண்டா அடுக்கி, நடுவுல மொச்சக் கறி, தக்காளிக் கறி, கொஞ்சம் பச்ச மொளகா தொக்கு வெச்சு சுருட்டிப் பேப்பர்ல குடுப்பாங்க. புரட்டாசி சனிக்கெழமைக்கும் தாராளமா சாப்பிடலாம்.

பணத்துக்கு, 2024 பிப்ரவரில இருந்து அங்க யூபிஐ வந்திருக்கு. அத நம்பி கையில அந்த நாட்டு ரூபாயே இல்லாம எறங்கச் சொல்ற வீடியோவும் சுத்துது, கேக்காதீங்க, பஸ்சுக்கும் பூரிக் கடைக்கும் சில்லற வேணும். நோட்டுல தமிழும் இருக்கும், 1998ல தமிழக் கீழ தள்ளி அச்சடிச்சாங்கன்னு அங்கத்தத் தமிழங்க கொதிச்சுப் போயி நோட்டையே வாபஸ் வாங்க வெச்சாங்க. ஏர்போர்ட்டுல மாத்தறப்ப பெரிய நோட்டா வாங்காம நூறும் அம்பதுமா கேட்டு வாங்கிக்கோங்க.