கெட், அணி, அலைச்சார்பு: குவாண்டம் நிலையை எதில் எழுதுவது?

ஒரு எலக்ட்ரானின் நிலையை ஒரு புத்தகம் அலைச்சார்பாக எழுதுகிறது, இன்னொன்று இரண்டு எண்களை மேலும் கீழுமாக அடுக்கிக் காட்டுகிறது, மூன்றாவது ஒரு கோடும் கோண அடைப்பும் போட்டு |நிலை⟩ என்று முடித்துவிடுகிறது. புதிதாகப் படிப்பவருக்குத் தலை சுற்றாமல் என்ன செய்யும்! மூன்றுக்கும் வரலாறு தனித்தனி. 1925-இல் ஹைசன்பர்க், பார்ன், யோர்டான் மூவரும் அணிகளை வைத்துத் தொடங்கினார்கள், 1926-இல் ஷ்ரோடிங்கர் அலைச்சமன்பாட்டோடு வந்தார், இரண்டும் ஒன்றுதான் என்று அதே ஆண்டில் அவரே காட்டினார். |நிலை⟩ என்ற கெட்டும், அதைத் திருப்பிப் போட்ட ⟨நிலை| என்ற பிராவும் சேர்ந்த பிரா-கெட் குறியீட்டை டிராக் 1939-இல்தான் தந்தார்.

சரி, எது நல்லது? எலக்ட்ரானின் தற்சுழற்சியை (ஸ்பின்) எடுத்துக்கொள்வோம். செங்குத்தாக அளந்தால் இரண்டே விடைகள்: |மேல்⟩, |கீழ்⟩. கெட்டுக்குள் என்ன பெயர் வேண்டுமானாலும் எழுதலாம், நான் தமிழிலேயே எழுதுகிறேன். கிடைமட்டத்தில் வலப்பக்கம் பார்க்கும் நிலை |வலம்⟩ = (|மேல்⟩ + |கீழ்⟩)/√2. அணி முறையில் |மேல்⟩ என்பது (1, 0) என்று மேலும் கீழுமாக அடுக்கிய நிரல், |வலம்⟩ என்பது (1, 1)/√2. கணக்குப் போட இதைவிட வசதி கிடையாது, பெருக்கிக் கூட்டினால் விடை வந்துவிடும்.

ஆனால் சிக்கலும் இங்கேதான். |வலம்⟩, அதற்கு எதிரே இடப்பக்கம் பார்க்கும் |இடம்⟩ இரண்டையும் அடிப்படையாக (மற்ற நிலைகளைக் கூட்டி எழுத உதவும் இணையாக) எடுத்தால் இப்போது |வலம்⟩தான் (1, 0)! நிரலை மட்டும் பார்த்தால் அது எந்த நிலை என்று சொல்ல முடியாது, எந்த அடிப்படையில் எழுதியது என்பதையும் மனதில் வைத்திருக்க வேண்டும். கெட் நிலையையே குறிக்கிறது, நிரல் அந்த நிலையின் கூறுகளை மட்டும் காட்டுகிறது. எனக்கு இந்த வேறுபாடு பிடிபட வெகுநாள் ஆனது, பிடிபட்ட பிறகு பாதிக் குழப்பம் போய்விட்டது.

ஒரு நிலையை இன்னொரு நிலையாக மாற்றும் ஆபரேட்டருக்கும் இதே கதைதான். |மேல்⟩⟨கீழ்| + |கீழ்⟩⟨மேல்| என்று எழுதினால் அது செய்யும் வேலை கண்ணுக்கே தெரிகிறது: கீழை மேலாக்கும், மேலைக் கீழாக்கும். |வலம்⟩ மீது போட்டால் இரண்டும் இடம் மாறி மறுபடி |வலம்⟩தான் வரும், அதாவது |வலம்⟩ இந்த ஆபரேட்டரின் ஐகன் நிலை (ஓர் எண்ணால் பெருக்கப்படுவதைத் தவிர மாறாத நிலை), அந்த எண்ணான ஐகன் மதிப்பு 1. அணியாக எழுதினால் முதல் வரிசை 0, 1, இரண்டாவது வரிசை 1, 0. வலம்-இடம் அடிப்படைக்கு மாறினால் அதே ஆபரேட்டர் மூலைவிட்டத்தில் 1, −1 கொண்ட அணியாகிவிடும், மற்ற இடங்களில் பூச்சியம்.

அலைச்சார்பு இந்த இடத்தில் உதவாது, தற்சுழற்சியை இடத்தின் சார்பாக எழுத வழியில்லை. ஆனால் ஹைட்ரஜன் அணுவில் எலக்ட்ரான் எங்கே இருக்க வாய்ப்பு அதிகம் என்று படம் போட்டுப் பார்க்க, அலைச்சார்பை விட்டால் வேறு நல்ல வழி தெரியவில்லை. அதுவும் வேறொரு பொருளல்ல: ஒவ்வொரு இடத்துக்குமான பிராவோடு கெட்டைச் சேர்த்தால் கிடைக்கும் எண்களின் தொகுப்புதான் அலைச்சார்பு, முடிவில்லாத நீளமுள்ள நிரல் என்றே வைத்துக்கொள்ளலாம். அலைச்சார்பில் தொகையீடாக வருவது கெட்டில் ⟨அ|ஆ⟩ என்று சுருங்கிவிடும். சீரிசை அலையியற்றியில் (சுருள்வில்லில் ஆடும் பொருள் போன்ற அமைப்பில்) இந்த வசதி நன்றாகத் தெரியும்: அலைச்சார்பில் ஹெர்மைட் பல்லுறுப்புக் கோவைகளோடு மல்லுக்கட்ட வேண்டும், கெட்டில் ஆற்றல் படியை ஒன்று இறக்கும் ஏணி ஆபரேட்டர் |3⟩-ஐ √3 |2⟩ ஆக்கிவிட்டு நகர்ந்துவிடும்.

கெட்டிலும் ஆபத்து உண்டு. (|மேல்⟩ + √−1 |கீழ்⟩)/√2 என்ற நிலையின் பிராவை எழுதும்போது √−1-இன் குறியை மாற்ற மறந்தால், பிராவையும் கெட்டையும் சேர்த்தால் கிடைக்கும் நீளத்தின் வர்க்கம் 1 வருவதற்குப் பதில் 0 வரும். இருக்கும் எலக்ட்ரானே காணாமல் போய்விடும்! குறியீடு அழகாக இருப்பதால் தவறு கண்ணில் படாது. அப்புறம், ஒரு புள்ளியில் நிற்கும் நிலைக்கான கெட்டின் நீளத்தை 1 ஆக்கவே முடியாது, அதை |மேல்⟩ போலவே நடத்தினால் மாட்டிக்கொள்வோம்.

என்னைக் கேட்டால், தற்சுழற்சியில் தொடங்குங்கள். ஒவ்வொரு வரியையும் கெட்டில் ஒரு முறை, பக்கத்திலேயே நிரலில் ஒரு முறை எழுதிப் பாருங்கள், அடிப்படையின் பெயரை நிரலுக்கு மேலே குறித்துக்கொள்ளுங்கள். அலைச்சார்பு அதற்குப் பிறகு வரட்டும்.