ஒரே மலை, இரண்டு சட்டம்: சான்டா குரூஸ் பக்கம் எங்கே நடக்கலாம், எங்கே மிதிக்கலாம்?

கலிஃபோர்னியாவின் சான்டா குரூஸ் மலைகளில் சான்டா ரோசாலியா என்றொரு நீண்ட மேடு உண்டு. அதற்குத் தெற்கே இறங்கினால் நிசீன் மார்க்ஸ் ஸ்டேட் பார்க். வடக்கே இறங்கினால் சொகெல் டெமான்ஸ்ட்ரேஷன் ஸ்டேட் ஃபாரஸ்ட். இரண்டு பக்கமும் அதே ரெட்வுட் மரங்கள்தான், காலில் ஒட்டும் மண்ணும் அதேதான். ஆனால் மேட்டைத் தாண்டியதும் சட்டம் தலைகீழாகிவிடும். தெற்கே சைக்கிள்காரருக்குக் கதவு பாதிதான் திறந்திருக்கும், வடக்கே விதி என்ன சொன்னாலும், நடைமுறையில் நடக்க வந்தவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டியிருக்கும். சான் ஃபிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியாவில் "இந்த வாரம் எங்கே போகலாம்?" என்று கேட்கும் நண்பர்களிடம் நான் முதலில் கேட்பது "நடக்கவா, மிதிக்கவா?" என்பதுதான். தூரம், பார்க்கிங் எல்லாம் அதற்குப் பிறகு.

இந்த வித்தியாசம் நிலம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதிலிருந்து வருகிறது. ஸ்டேட் பார்க் என்றால் இருப்பதை இருந்தபடியே காப்பாற்றிக் கொடுப்பது வேலை. சொகெல் காடோ கால் ஃபயரின் பொறுப்பில் இருக்கிறது. தீயணைப்பு, வனப் பராமரிப்பு இரண்டையும் பார்க்கும் மாநில அமைப்பு அது. மரத்தை வளர்த்து, அளவாக வெட்டி விற்று, காட்டை அழிக்காமல் இப்படியும் நடத்தலாம் என்று காட்டத்தான் 1990 முதல் இந்த 2,681 ஏக்கரை வைத்திருக்கிறார்கள். வெட்டிய மரத்தை இழுத்துப் போகவே பாதை போட்டாயிற்று; அங்கே சைக்கிளுக்கும் ஒரு பாதை கேட்டால் யாரும் பதறுவதில்லை.

பலன், சொகெல் இன்று பே ஏரியாவின் மவுண்டன் பைக்காரர்களுக்குச் சொந்த வீடு மாதிரி. மேட்டிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதைகள் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். கோரல், சாபிட் இரண்டும் செங்குத்து, வேர்களும் பள்ளங்களும் அதிகம். பிரெய்லில் மரப்பலகை ஏற்றங்களும் தாவல்களும் வரும். தன்னார்வலர்கள் மண்வெட்டி பிடித்து 2015-இல் முடித்த ஃப்ளோ ட்ரெயில்தான் எனக்குப் பிடித்தது. ஏறக்குறைய 4 மைல். அலை அலையாக மேடு வரும், பிறகு வெளிப்புறம் உயர்த்திய வளைவு. வளைவில் பிரேக்கைத் தொடாமல் சைக்கிளைச் சாய்த்தால் மண்சுவரே உங்களைத் திருப்பி அடுத்த வளைவுக்கு அனுப்பிவிடும். பார்வை மட்டும் முன்சக்கரத்தில் ஒட்டிக்கொள்ளாமல் அடுத்த வளைவின் வாயில் இருக்க வேண்டும். பாதிக்கு மேல் போனால் முன்னங்கை நரம்பெல்லாம் முறுக்கிக்கொள்ளும். தாவித்தான் ஆக வேண்டும் என்று எங்கும் கட்டாயம் இல்லாததால், ஓரளவு பழகியவர்கள் பின்பக்கம் ஸ்பிரிங் இல்லாத ஹார்டுடெயில் சைக்கிளிலேயே இறங்கலாம். பிரெய்லுக்கு அப்படிச் சொல்ல மாட்டேன்.

இறங்கியதற்கு விலை ஏறுவதில் இருக்கிறது. எந்தப் பாதையில் இறங்கினாலும் கடைசியில் ஹைன்ஸ் மில் ரோட்டில்தான் விழுவீர்கள். அங்கிருந்து ஹைலண்ட் வேவில் நிற்கும் காருக்கு மிதித்துத்தான் ஏறியாக வேண்டும். லிஃப்ட் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, செல்போனில் சிக்னலும் கிடையாது. நுழைவுக் கட்டணமும் கிடையாது என்பதால் புகார் சொல்ல மனம் வரவில்லை. பார்க்கிங் மட்டும் தலைவலி. சனிக்கிழமை ஒன்பது மணிக்கு மேல் போனால் சாலையோரத்தில் வெகுதூரம் தள்ளி நிறுத்த நேரிடும். மரம் வெட்டும் பருவத்தில் சில பாதைகளை மூடவும் செய்வார்கள், கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடப்பவர்கள் சொகெலுக்குப் போகக் கூடாது என்று எந்தப் பலகையும் இல்லை. சைக்கிள்தான் நடப்பவருக்கு வழிவிட வேண்டும் என்பதே விதி. ஆனால் வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஹப் கிரீச்சிடும் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே நடப்பதில் என்ன சுகம்? குழந்தைகளோடு போகவே வேண்டாம்.

நடப்பவர்களுக்கு மேட்டின் தெற்குப் பக்கம். நிசீன் மார்க்ஸ் சுமார் 10,000 ஏக்கர். 1883-இலிருந்து 1923 வரை இங்கே ரயில் பாதை போட்டு ரெட்வுட்டை மொட்டையடித்தார்கள். இன்று நாம் அண்ணாந்து பார்ப்பது அதற்குப் பிறகு தழைத்த இரண்டாம் தலைமுறைக் காடு. நடுநடுவே இரண்டு ஆள் கைகோத்தாலும் அணைக்க முடியாத அடிக்கட்டைகள் கறுத்துக் கிடக்கும். அவற்றைச் சுற்றி வட்டமாகப் புது மரங்கள் எழும்பியிருக்கும், வெட்டிய மரத்தின் வேரிலிருந்தே வந்தவை. மார்க்ஸ் குடும்பம் இந்த நிலத்தை வாங்கி, தாயின் பெயரில் 1963-இல் மாநிலத்துக்குக் கொடுத்தது. கொடுத்தபோது போட்ட நிபந்தனைகள்தான் இன்றும் சைக்கிளைத் தடுக்கின்றன. ஸ்டீல் பிரிட்ஜுக்கு மேலே ஆப்டோஸ் க்ரீக் ஃபயர் ரோடு ஒன்றில் மட்டுமே சைக்கிள் ஓட்டலாம். அங்கே குறுகிய பாதைகள் முழுக்க நடப்பவர்களுக்கு.

பைக் நண்பர்கள் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். நான் இதில் நடப்பவர் கட்சி. ஓடையோரம் பெரணிச் செடிகளுக்கு நடுவே விரல் நீளத்துக்கு மஞ்சளாக ஒரு பனானா ஸ்லக் ஊர்ந்துபோவதைக் குனிந்து பார்க்க, பின்னால் யாரும் மணி அடிக்காத ஒரு காடாவது பாக்கி இருக்கட்டுமே. இன்னும் உள்ளே நடந்தால் ஒரு பலகை: 1989 அக்டோபர் 17, மாலை 5:04-க்கு உலுக்கிய 6.9 அளவு லோமா பிரியேட்டா நிலநடுக்கத்தின் மையம் இந்த இடத்தருகே. சான் ஃபிரான்சிஸ்கோவில் வீடுகளைச் சாய்த்து, ஓக்லண்டில் இரண்டடுக்கு நெடுஞ்சாலையை நசுக்கிய அதிர்வு கிளம்பிய இடம். பெரிய பிளவு ஒன்றை எதிர்பார்த்து வருபவர்கள் ஏமாந்துதான் போவார்கள். பலகை, ஓடை, மரம், அவ்வளவே.

இந்த இரண்டும் வேண்டாம், நாள் முழுக்க மனித வாடையே கூடாது என்பவர்களுக்கு ஹென்றி கோ ஸ்டேட் பார்க். மார்கன் ஹில்லில் 101 நெடுஞ்சாலையை விட்டு ஈஸ்ட் டன் அவென்யூவில் 13, 14 மைல் வளைந்து வளைந்து ஏற வேண்டும். வாந்தி வரும் குழந்தை இருந்தால் முன் சீட். வட கலிஃபோர்னியாவிலேயே மிகப் பெரிய ஸ்டேட் பார்க் இது, சுமார் 87,000 ஏக்கர். அதாவது சொகெல் போல முப்பதுக்கு மேல் உள்ளே அடங்கும். 1953-இல் சாடா கோ என்ற பெண்மணி அப்பா பெயரில் கொடுத்த மாட்டுப் பண்ணையிலிருந்து வளர்ந்தது. ஒரெஸ்டிம்பா வனப்பகுதி என்று கால் பங்குக்கு மேல் சைக்கிளுக்குத் தடை உண்டு. மீதியே ஓர் ஆயுளுக்குப் போதும்.

ஹென்றி கோ பார்க்கில் நடப்பவருக்கும் மிதிப்பவருக்கும் சண்டை வராததற்குக் காரணம் எளிது: ஒருவரையொருவர் பார்ப்பதே அபூர்வம். தலைமையகத்திலிருந்து ஃப்ளாட் ஃப்ராக் ட்ரெயில் வழியாகத் தவளை ஏரிக்குப் போய், மிடில் ரிட்ஜில் கருவாலி மரங்களுக்கும் மன்சனீட்டா புதர்களுக்கும் நடுவே இறங்கும் அந்தச் சிங்கிள் டிராக் (ஒருவர் மட்டும் போகும் அகலமுள்ள ஒற்றையடிப் பாதை), ஃப்ளோ ட்ரெயிலைப் போல யாரும் செதுக்கியதல்ல. கல், பள்ளம், திடீர்ச் சரிவு, எல்லாம் மலை கொடுத்தது. என்னைக் கேட்டால் சைக்கிள் ஓட்டத் தெரியுமா என்பதற்கு உண்மையான தேர்வு இதுதான். கீழே பாவர்ட்டி ஃப்ளாட்டில் ஓடையைக் கடந்ததும் திரும்பி ஏறும் மண்சாலையில் முக்கால்வாசிப் பேர் இறங்கித் தள்ளுவார்கள். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

வெயில்தான் கோவின் எதிரி. ஜூன் முதல் செப்டம்பர் வரை நூறு டிகிரியைத் தொடும், நிழல் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஊற்றுகள் வறண்டுவிடும், இருக்கும் தண்ணீரையும் வடிகட்டித்தான் குடிக்க வேண்டும். ஏப்ரலில் போய்ப் பாருங்கள். பச்சை மலையெங்கும் ஆரஞ்சு பாப்பியும் நீல லூபினும். அக்டோபரில் இன்னொரு வேடிக்கை: ஆண் டாரன்டுலா சிலந்திகள் துணை தேடிப் பட்டப்பகலில் பாதையைக் கடக்கும், அதற்கென்று ஒரு விழாவே நடத்துகிறார்கள். உள்ளங்கை அகலத்துக்கு ரோமக்காலை ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்து நடக்கும். சக்கரத்தை நிறுத்தி வழிவிடுங்கள்.

வைல்டர் ராஞ்ச் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சான்டா குரூஸ் ஊரை ஒட்டி ஒன்றாம் நெடுஞ்சாலையில், கடலைப் பார்த்த பழைய பால் பண்ணை. புதிதாக மவுண்டன் பைக் வாங்கியவர், பத்து வயதுப் பிள்ளையைப் பழக்க நினைப்பவர், ஊரிலிருந்து வந்த அம்மா அப்பாவைக் கூட்டிப் போக நினைப்பவர் எல்லோருக்கும் ஓல்ட் கோவ் லேண்டிங் பாதை பொருந்தும். தரை சமம், ஒரு பக்கம் பாறைச் சரிவும் கடல்நாய்களும், மறுபக்கம் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ் வயல். கை தேறியவர்கள் நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் மேட்டில் ஏறிக்கொள்ளலாம். நாய்க்கு அனுமதி இல்லை. வார இறுதிக் கூட்டத்தைப் பார்த்தால் எனக்கு வந்த வழியே திரும்பத் தோன்றும், அது என் குணம்.

மழைக்காலத்தில் எங்கே போவது என்ற தேர்வு மாறும். நல்ல மழை பெய்தால் ஹென்றி கோ பார்க்கில் சிங்கிள் டிராக்குகளை 48 மணி நேரம் சைக்கிளுக்கு மூடுவார்கள். அந்தக் களிமண் டயரில் அப்பிக்கொண்டால் சக்கரமே சுழலாது, விதி இல்லாவிட்டாலும் போவதில் பலனில்லை. சொகெலின் ரெட்வுட் மண் நீரை உறிஞ்சிக்கொள்ளும், மழைக்கு மறுவாரம் மிதிக்க அதைவிட நல்ல இடம் இல்லை. ஆனால் ஹைலண்ட் வேவில் மண் சரிந்திருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். எந்தப் பருவமானாலும் மூன்றிலைக் கொத்தாக நிற்கும் பாய்சன் ஓக்கைத் தொடாதீர்கள். வீடு திரும்பியதும் குளிக்கும்போது உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று முழங்கால் பின்புறம்வரை பார்த்துவிடுங்கள், லைம் நோய் இந்தப் பக்கமும் உண்டு.

வீட்டில் ஒருவர் நடப்பவர், ஒருவர் மிதிப்பவர் என்றால் இரண்டு கார் எடுக்க வேண்டாம். ஆப்டோஸ் பக்கம் நிசீன் மார்க்ஸ் வாசலில் வண்டியை விட்டு, நடப்பவர் நிலநடுக்கப் பலகைவரை போய் வரட்டும். மிதிப்பவர் ஃபயர் ரோட்டில் சாண்ட் பாயின்ட்வரை ஏறி, மான்டரே விரிகுடாவைப் பார்த்து மூச்சு வாங்கி, மேட்டைத் தாண்டிச் சொகெலுக்குள் இறங்கிவிட்டு, மறுபடி ஏறி இதே வழியாகத் திரும்பலாம். கார் சாவி மட்டும் நடப்பவரிடம் இருக்கட்டும். அவர் திரும்பி வந்து, ஆப்டோஸ் வில்லேஜில் காபி குடித்து முடித்த பிறகும் மற்றவர் ஹைன்ஸ் மில் ரோட்டில் சிக்னல் இல்லாமல் மிதித்துக்கொண்டுதான் இருப்பார்.